நான்கு கிராம் வைக்கோல்

(முதல் கடிதம்: எழுதியும் தபாலில் சேர்க்காதது)

சேலையூர்,
8 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய திரு. சுந்தர்சிங் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் டேனியல். குரோம்பேட்டை ராதா நகரில் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குக் கண்ணாடிச் சாமான் விற்ற ஒரு கிடங்கில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். பூனா பக்கத்திலிருந்த உங்கள் ஆலையிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்தவன் நான்தான்.

1979 ஆகஸ்டில் நீங்கள் கட்டிய ஒரு பெட்டியில் ஒன்பது கண்ணாடிக் குழாய்க் கண்டென்சர்கள் உடைந்திருந்ததாகப் புகார் போனது. காரணம் என்ற கட்டத்தில் 'போதிய வைக்கோல் இடப்படவில்லை' என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். அது பொய். வைக்கோல் நிறைய இருந்தது. அதில் ஒரு பகுதியை நானே

(இதற்கு மேல் எழுதவில்லை.)


சேலையூர்,
21 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய திரு. சுந்தர்சிங் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் வரும்போது நீங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் சபைக்கு வந்திருந்த மூக்குப்பீறி ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில் உங்கள் பெயரைச் சொன்னார். பூனாவில் கண்ணாடி ஆலையில் இருந்தவர் என்றதும் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் டேனியல். குரோம்பேட்டையில் ஓர் ஆய்வகச் சாமான் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். உங்கள் ஆலைப் பெட்டிகள் மாதம் இரண்டு முறை தாம்பரம் பார்சல் ஆபீசுக்கு வரும். மூடியைத் திறந்தால் மேலே ஒரு சீட்டு. 'பேக்கர் எண் 14' என்று ஆங்கிலத்தில் அச்சு. அதன் கீழே தமிழில் 'ச. சுந்தர்சிங்'. பூனாவிலிருந்து வரும் பெட்டிக்குள் தமிழ்க் கையெழுத்தைப் பார்ப்பது அந்த நாளில் எனக்கு ஒரு சந்தோஷம். மற்ற பெட்டிகளை ஆளை விட்டுத் திறப்பேன். பதினான்காம் எண் பெட்டியை நானே திறப்பேன். வைக்கோல் வாசனை கிடங்கு முழுவதும் பரவி நிற்கும். அதிலிருந்து உதிர்ந்த நெல் மழைக்காலத்தில் பின்கட்டில் முளைத்துவிடும். ஒரு வருடம் கதிர்கூட வந்தது.

ஓய்வுக்குப் பிறகு சிறு மாதிரிகள் செய்கிறேன். ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒன்று. எங்கள் கிடங்கைச் செய்திருக்கிறேன். தராசு, ஏணி, அலமாரி ஓரளவுக்குத் தேறும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பெட்டிகளும் முடிந்தன. பெட்டிக்குள் இருக்கும் வைக்கோலில்தான் நின்றுபோனேன். 'பொட்டிய மூடி வச்சிட்டா உள்ள இன்னா இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது?' என்கிறாள் என் மனைவி அருள்மேரி.

நான் திறந்தவன், கட்டத் தெரியாது. ஆகவே சில சந்தேகங்கள்.

1. அடியில் போட்டது உதிரி வைக்கோலா, முறுக்கியதா?
2. ஒவ்வொரு கண்டென்சரையும் சுற்றியிருந்த முறுக்கிய வைக்கோல் பிரியை எந்தப் பக்கமிருந்து தொடங்குவீர்கள்?
3. மரச்சுருள் எந்தச் சாமானுக்கு? மரத்தை நூல்போல இழைத்துச் சுருட்டி வைப்பீர்களே, அதைச் சொல்கிறேன்.
4. மூடி போடுமுன் கடைசியாக என்ன செய்வீர்கள்?
5. இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள பெட்டிக்கு, இருபத்து நான்கு கண்டென்சர் வைத்தால், மொத்தம் எத்தனை கிலோ வைக்கோல் பிடிக்கும்?

சிரமமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். வீட்டம்மாவுக்கும் என் வணக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
டேனியல்


மூக்குப்பீறி,
17 பிப்ரவரி 2024

அன்புள்ள டேனியல் சாருக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கே மூட்டுவலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு வைக்கோல் என்று ஒரு மனுஷன் கேட்கிறாரே, பகடி பண்ணுகிறாரா என்று வீட்டில் பெரிய பேச்சு. 'பதில் போடுங்க, பாவம், பெரியவராட்டு இருக்கு' என்றாள் என் மனைவி. எனக்கு எழுபத்தெட்டு. நான்தான் மூத்தவனாக இருப்பேன். காது சுத்தமாகப் போய்விட்டது. போன் வேண்டாம், கடிதமே போதும்.

நீங்கள் நம்பர் போட்டுக் கேட்டதால் நானும் நம்பர் போட்டுச் சொல்கிறேன்.

1. அடியில் உதிரி. ஒரு சாண் உயரம் போட்டு, பெட்டிக்குள் இறங்கி மிதிக்க வேண்டும். செருப்பில்லாத காலால்.

2. கண்டென்சருக்கு முதலில் செய்தித்தாள். அப்புறம் பிரி. குழாயின் வாய்ப்பக்கம் தொடங்கி, அடிபட்ட காலுக்குத் துணி சுற்றுவதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறிவர வேண்டும். மூலைகளில் முஷ்டியால் குத்தி அடைக்க வேண்டும். புதுசாக வந்த பையன்கள் நடுவில் நிறையப் போட்டு மூலையை விட்டுவிடுவான்கள். கண்ணாடி மூலையில்தான் சாகும்.

அப்புறம் மூடியை வைத்து, ஆணி அடிக்குமுன் பெட்டியை இரண்டு கையாலும் ஆட்டி, மேலே காதை வைத்துக் கேட்போம். பெட்டி பேசக் கூடாது. ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் முழுசாகப் பிரித்து மறுபடி கட்டுவேன். அதனால் எனக்கு மற்றவர்களைவிடக் கணக்கு குறையும். சூப்பர்வைசர் ஏசுவார். ஏசட்டும்.

மரச்சுருள் விலை கூடின சாமானுக்கு மட்டும். கண்டென்சருக்குக் கிடையாது. நீங்கள் சொல்லும் பெட்டிக்கு ஏழு கிலோ வைக்கோல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம்பர் எங்கோ விட்டுப்போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கையெழுத்துப் போட்டதைக் கவனித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மேனேஜர் அதைப் பார்த்து 'என்ன இது, ஜிலேபியா?' என்பார். எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து வராது, அவ்வளவுதான். ஆனால் எங்கேயோ ஒருத்தர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் 79 வரைதான் கட்டும் பகுதியில் இருந்தேன். அது வேறு கதை. அருள்மேரி அம்மாளைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ச. சுந்தர்சிங்


சேலையூர்,
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் மூத்தவர் என்பதால் அண்ணன் என்று எழுதுகிறேன். தவறானால் திருத்தவும். மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே இப்போதே வெயில் தொடங்கிவிட்டது. மேடவாக்கம் ரோடு முழுக்கத் தண்ணீர் லாரிகள்தான்.

உங்கள் கடிதத்தைப் பன்னிரண்டு தரம் படித்தேன். வைக்கோல் ஒருவாறு கைகூடியிருக்கிறது. தென்னை நார் சுருண்டுகொள்கிறது. துடைப்பக்குச்சி பிளந்தாலும் தடிப்பு. கடைசியில் பழைய கோரைப்பாய் ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு கோரையையும் ஊசியால் எட்டாகக் கிழித்து, ஓர் அங்குலமாக நறுக்கி, டீ டிக்காஷனில் ஊறவைத்தேன். காய்ந்ததும் நெல் வைக்கோலின் நிறம் வந்தது. அது உங்கள் ஊர் வைக்கோலா, மழையில் நனைந்த வைக்கோலா என்பது இன்னும் சந்தேகம். மற்றப் பெட்டிகளின் மரச்சுருளுக்குப் பல்குத்தும் குச்சியை பிளேடால் சுரண்டினேன். கண்டென்சருக்கு மை தீர்ந்த பேனா ரீபில்.

செய்தித்தாளும் வேண்டுமே. உங்கள் பெட்டியிலிருந்து எடுத்த மராத்தித் தாள் ஒன்று என்னிடம் இருந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் தேவதர்ஷினி என்ற பெண் அதைச் சிறிதாக்கிக் கொடுத்தாள். 'அங்கிள், இதுக்கு மேல சின்னதாக்குனா எறும்பு கூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்' என்றாள்.

ஏழு கிலோவைப் பன்னிரண்டால் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் வகுக்க வேண்டும். ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. கணக்குப் போட்டால் நான்கு கிராம் வருகிறது. என் சமையலறைத் தராசில் நான்கு கிராம் காட்டாது. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'இன்னா சார், வைக்கல்லாம் எட போட்டுகினு? செய்கூலி சேதாரம் போடட்டா?' என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் எடை போட்டுக் கொடுத்தார். நான்கு கிராம்.

அந்த நான்கு கிராமை உங்கள் முறைப்படி கட்டினேன். மூலையில் குத்துவதற்குத் தீக்குச்சியின் பின்பக்கம். மூடி வைத்துக் காதருகே ஆட்டினேன். பேசவில்லை.

இங்கே நலச்சங்கத் தலைவர் துளசிங்கம், டிசம்பரில் நடக்கும் கண்காட்சியில் கிடங்கு மாதிரியை வைக்கச் சொல்கிறார். எனக்குக் கூட்டம் ஆகாது. மறுத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
டேனியல்


மூக்குப்பீறி,
30 மார்ச் 2024

அன்பான தம்பி டேனியலுக்கு,

அண்ணன் என்று போட்டுவிட்டீர்கள், நான் தம்பி என்று போடுகிறேன். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நகைக்கடைக் கதையை என் மனைவி நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. உங்கள்மேல் பிழை இல்லை. நீங்கள் இருபத்து நான்கு கண்டென்சர் பெட்டியைக் கேட்டதுதான் காரணம்.

நான் கட்டும் பகுதியில் பதினோரு வருஷம் இருந்தேன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது ஃபோர்மேன் ரத்தினம் மச்சான், என் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். பதினோரு வருஷத்தில் என் எண் போட்ட பெட்டிமேல் ஒரு புகாரும் கிடையாது. 79 ஆகஸ்டில் ஒன்று வந்தது. அதே அளவுப் பெட்டி, இருபத்து நான்கு கண்டென்சர், ஒன்பது உடைசல், வைக்கோல் போதவில்லை. மெட்ராஸ் பார்ட்டி என்று மட்டும் சொன்னார்கள். பெயர் சொல்வது ஆலை வழக்கம் இல்லை. மெட்ராசில் எங்களுக்கு முப்பது பார்ட்டி உண்டு.

என்னை உடைசல் களத்துக்கு மாற்றினார்கள். உடைந்த கண்ணாடியை நிறம் பார்த்துப் பிரித்து மறுபடி உலைக்கு அனுப்பும் இடம். பத்தொன்பது வருஷம் அங்கேதான். அதுகூடப் பெரிசில்லை. ரத்தினம் மச்சான் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டார்: 'ஏல சுந்தரு, நீ கட்டுன பெட்டியில வைக்கலே இல்லியாம்லா? அம்புட்டு வைக்கலையும் நீயா தின்ன?' எல்லாரும் சிரித்தான்கள். அன்றிலிருந்து அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் பிள்ளைகள் கல்யாணத்துக்கும் கோயிலோடு திரும்பிவிட்டார். 2006இல் தவறிப்போனார்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி கட்டின வாரம்தான் என் மூத்த மகள் பிறந்தாள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வேலைக்குப் போனேன். அந்தத் தூக்கத்தில் கை தவறிவிட்டதா? அடியில் போட்டேனா, மிதித்தேனா? நாற்பத்தைந்து வருஷமாக அந்தப் பெட்டியை மனசுக்குள்ளே பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். மூடி வரைக்கும் வருகிறது, உள்ளே தெரியமாட்டேன் என்கிறது.

நீங்கள் என் பெட்டிகளை நிறையத் திறந்திருக்கிறீர்கள். எதிலாவது வைக்கோல் குறைந்திருந்ததா? உங்கள் சின்னப் பெட்டியில் கொஞ்சம் குறைத்துக் கட்டிக் கீழே போட்டுப் பாருங்கள். எத்தனை உடைகிறது என்று எழுதுங்கள். நான் எங்கே தப்பினேன் என்று தெரிந்தால் போதும்.

உங்கள்,
சுந்தர்சிங்


சேலையூர்,
19 மே 2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அக்கினி வெயில். நீங்கள் மதியத்தில் வெளியே போகாமல் இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். உடம்பு கொஞ்சம் சரியில்லை, பெரிதாக ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்ன சோதனை பயன்படாது. பொருள் சிறிதானால் விழும் வேகமும் அடியும் அதே விகிதத்தில் குறைவதில்லை. மேலும் ரீபில் பிளாஸ்டிக், உடையாது. பி.எஸ்ஸி. படித்த எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட மற்றதற்குப் பதில்: நான் திறந்த உங்கள் பெட்டிகள் எதிலும் வைக்கோல் குறைந்ததில்லை.

அருள்மேரி உங்கள் மனைவியை விசாரித்தாள்.

தங்கள்,
டேனியல்


மூக்குப்பீறி,
9 ஜூன் 2024

தம்பி டேனியலுக்கு,

உடம்பு இப்போது தேவலையா? என்ன என்று எழுதவில்லையே. டாக்டரைப் பாருங்கள்.

'எதிலும் குறைந்ததில்லை' என்ற வரியை என் மனைவியை வாசிக்கச் சொன்னேன். எனக்குத்தான் காது கேட்காதே, அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்தப் பெட்டி உங்களிடம் வரவில்லை. அதில் மட்டும்தான் நான் தப்பியிருக்கிறேன். சரி. ஒன்றாவது தெளிவாயிற்று.

ஒரு உதவி கேட்கலாமா? கண்காட்சியில் வைக்கமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். வையுங்கள். ஏழு கிலோவும் சரியாக இட்ட ஒரு பெட்டியைத் திறந்தபடி வைத்து, என் சீட்டையும் மேலே போடுங்கள். பதினான்காம் எண்ணில் நல்ல பெட்டியும் போயிருக்கிறது என்று நாலு பேர் பார்க்கட்டும். பேரப்பிள்ளைகள் போட்டோ கேட்கிறார்கள்.

உங்கள்,
சுந்தர்சிங்


சேலையூர்,
14 ஜூலை 2024
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

ஐயா,

உங்களை அண்ணன் என்று எழுத இன்று எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் சுகமாக இருக்கும் நேரத்தில் இதைப் படிக்க வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புவதற்குக் காரணம், வழியில் தொலைந்திருக்கும் என்று பிறகு என்னால் சாக்குச் சொல்ல முடியாது என்பதுதான்.

அந்தப் பெட்டி என்னிடம்தான் வந்தது.

1979 ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை. தாம்பரம் பார்சல் ஆபீசில் பெட்டியை எடுத்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினேன். அன்று மார்க்கெட்டில் வீட்டுக்கு ஓர் இரும்பு பீரோ வாங்கியிருந்தேன். கல்யாணமான புதிது. இரண்டு வண்டி எதற்கு என்று அதையும் அதே வண்டியில் ஏற்றச் சொன்னேன். பீரோவைப் படுக்கவைத்ததால் இடம் போதவில்லை. உங்கள் பெட்டியில் மேல்பக்கம் என்று அம்புக்குறி இருந்தும் அதைச் செங்குத்தாக நிறுத்தினேன். வண்டிக்காரர் கபாலி கேட்டார்: 'சார், அம்பு மேல காட்டுது, நீ சைடுல நிறுத்த சொல்றியே, ஒடஞ்சா என்கையில கேக்காத.' நான் காதில் வாங்காமல் கயிற்றைக் கட்டச் சொன்னேன். ராதா நகர் ரயில்வே கேட்டில் தண்டவாளம் ஏறும்போது கயிறு தளர்ந்து பீரோ சரிந்து பெட்டிமேல் விழுந்தது. சத்தம் கேட்டது.

கிடங்கில் தனியாகத் திறந்தேன். ஒன்பது. வைக்கோல் அடி முதல் மூடி வரை, மூலை எல்லாம், நீங்கள் எழுதியபடியே இருந்தது. அவ்வளவு வைக்கோல் இல்லாவிட்டால் இருபத்து நான்கும் போயிருக்கும். கிடங்குச் சாமானைச் சொந்தச் சாமானோடு ஏற்றியது தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். முதலாளி வந்து பார்க்குமுன் இரண்டு கையாலும் வாரி அணைத்த அளவு வைக்கோலை எடுத்துப் பின்கட்டில் பால்காரர் எருமைக்குப் போட்டேன். பிறகு உடைசல் அறிக்கையில் காரணம் எழுதினேன். மூன்று படி: ஆலைக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று, எங்கள் கோப்புக்கு ஒன்று. மேலே இருந்த சீட்டில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு பதினான்காம் எண் பெட்டி வரவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று எடுத்தது எவ்வளவு என்று இந்த மாதிரியில் கட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் வைக்கோல் மட்டம் எவ்வளவு இறங்கியது என்பது நினைவிருக்கிறது. அந்த அளவுக்கு இறக்கினால் சரியாக ஒரு கிராம் குறைகிறது. உண்மைப் பெட்டியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ.

ஜனவரியிலேயே இதை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். அதன்பிறகு வைக்கோலைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். 'எங்கே தப்பினேன்' என்று நீங்கள் கேட்ட பிறகும் ஏழு வாரம் கழித்துப் பாதி உண்மை எழுதினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

நீங்கள் எங்கும் தப்பவில்லை.

டேனியல்


மூக்குப்பீறி,
20 அக்டோபர் 2024

டேனியலுக்கு,

ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டது நான்தான். கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் என் மனைவி வாசிக்கவில்லை, நான் காட்டவில்லை. இரண்டாம் மாதம் காட்டினேன். மூன்றாம் மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். 'நானும் அண்ணன் சொன்னத நம்பிட்டேன்லா' என்றாள்.

எனக்கு எழுதினது போதாது. புகார் மூன்று படி போனது என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தமும் மூன்று படி எழுத வேண்டும். அதே அறிக்கை மாதிரி, கட்டம் போட்டு, காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி. கீழே பெயர், பதவி, கையெழுத்து.

ஒன்று எனக்கு. ஒன்று ரத்தினம் மச்சானின் மனைவி சரோஜினிக்கு. பாளையங்கோட்டை விலாசம் பின்பக்கம் இருக்கிறது. மூன்றாவதை உங்கள் கண்காட்சியில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லாரும் வாசிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். கேன்டீனில் நான் நின்றேன்.

சுந்தர்சிங்


சேலையூர்,
29 டிசம்பர் 2024

ஐயா,

உங்களுக்கும் வீட்டாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல உரிமை உண்டா என்று தெரியவில்லை. இருந்தும் எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளும் நவம்பரிலேயே வந்து சேர்ந்திருக்கும். மூன்றாவதைப் பற்றி இது.

கண்காட்சி இரண்டு நாள், 21ஆம் 22ஆம் தேதி, நலச்சங்க மாடியில். கிடங்கு மாதிரியை நடு மேசையில் வைத்தேன். பெட்டி திறந்தபடி, நான்கு கிராமும் உள்ளே. மேலே நெல்லளவு சீட்டு. பக்கத்தில் அறிக்கையை முழுத்தாளில் எழுதி ஒட்டினேன். துளசிங்கம் படித்துவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். 'சார், இது கண்காட்சி, கோர்ட்டு கெடையாது. ஜனம் புள்ளகுட்டியோட வருது. இத எடுத்துருங்க.' எடுக்கமாட்டேன் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். நானும்தான்.

முதல் நாள் பெரும்பாலும் வைக்கோலைத்தான் பார்த்தார்கள். 'இன்னாப்பா இது, குட்டிப் பொட்டிக்குள்ள வைக்கல் வெச்சிகினு கீது? மாடு எங்க?' என்றார் ஒருவர். 'மாட்டுக்கு இல்லபா, கண்ணாடிக்கு' என்றார் கூட வந்தவர். அறிக்கையை யாரும் முழுதும் படிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். நினைத்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெரும்பாக்கத்திலிருந்து முனியம்மா என்று ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வீட்டு வேலை செய்கிறவர். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். அவர் படிக்கப் படிக்க மற்றவர்களும் கூடிவிட்டார்கள். கடைசி வரி வரை போய்விட்டு, 'யாரு இந்த டேனியலு? உசுரோட கீறானா?' என்று கேட்டார்.

'நான்தாம்மா' என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. தெரு ஆட்கள், சபை ஆட்கள், ஜெராக்ஸ் கடைப் பெண் எல்லாரும் இருந்தார்கள். முனியம்மா விடவில்லை. 'என்னயும் ஒரு வூட்ல செயின எட்த்துட்டேன்னு தொரத்துனாங்கோ. அப்பால அவுங்க பொண்ணு தலகாணி ஒறைல இருந்து கெடச்சுதாம். எனக்கு யாரும் வந்து சொல்லல. வேற ஒரு பொம்பள சொல்லித்தான் தெரியும். நீ இத்தினி வருசம் இன்னா பண்ணிகினு இருந்த?'

'பயந்துகொண்டிருந்தேன்' என்றேன். அவர் பெட்டியை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். 'நல்லாத்தான் கட்டிகிறாரு அந்த ஆளு' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருள்மேரிக்கு பீரோ விஷயம் அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்துகொண்டு, 'அந்த பீரோவுலதானே இத்தினி வருசமா என் கல்யாணப் பொடவ இருக்கு' என்றாள். மறுநாள் புடவைகளை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். பீரோவை என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை.

போட்டோவை இணைத்திருக்கிறேன். நானும் அதில் நிற்கிறேன்.

டேனியல்


மூக்குப்பீறி,
19 ஜனவரி 2025

டேனியலுக்கு,

போட்டோ வந்தது. பேரப்பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்துச் சீட்டில் என் பெயரை வாசித்தார்கள்.

சரோஜினி மதினியைப் பற்றி எழுதவேண்டும். உங்கள் அறிக்கை கிடைத்து ஒன்றரை மாதம் சத்தம் இல்லை. போன வாரம் பஸ் ஏறித் தனியாக வந்தார்கள். எண்பத்தொரு வயசு. என் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்தார்கள். பையிலிருந்து உங்கள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். எனக்குக் கேட்காதென்று தெரிந்தும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். என் மனைவி சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

'கடைசி மாசம் உங்க மச்சான் ஆஸ்பத்திரில கிடக்கும்போது, சுந்தர ஒருக்கா கூப்பிடட்டான்னு அவங்ககிட்ட கேட்டேன். வேண்டாம், வேல தெரியாதவனுக்கு சிபாரிசு பண்ணுனது என் தப்புன்னு சொன்னாவ. தப்பு பண்ணிட்டோம்னுதான் போனாவ. இனி அவங்ககிட்ட யாரு போயி சொல்றது?'

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக அவர் என்னைத்தான் வெறுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. எழுத முயற்சி பண்ண வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அதுவரைக்கும் வேறு ஏதாவது எழுதுங்கள். மே மாதம் உடம்புக்கு என்னவோ என்று சொன்னீர்களே, அது பொய்யா நிஜமா? நிஜமென்றால் டாக்டர் என்ன சொன்னார்? அருள்மேரி அம்மாள் இப்போது உங்களோடு பேசுகிறார்களா?

சுந்தர்சிங்